கடவுச்சொற் பெட்டகம்: தெரிவும் மாற்றமும்

பழைய நாட்காட்டியின் பின்புறத்திலோ, பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளிலோ, ஆங்கில எழுத்துக்களும் எண்களும் கலந்த சில வரிகள் எழுதப்பட்டிருப்பதை இன்று பல இல்லங்களிற் காணலாம். மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, மின்சாரக் கட்டணத்துக்கு ஒன்று, வெளிநாட்டிலுள்ள மகன் திறந்து கொடுத்த கணக்குக்கு ஒன்று என அவை வரிசையாக நிற்கும். சில குறுக்கே வெட்டப்பட்டுப் பக்கத்திற் புதியன எழுதப்பட்டிருக்கும். வெட்டப்பட்டது எது, வழக்கில் உள்ளது எது என்பது எழுதியவருக்கே சில வேளைகளில் விளங்குவதில்லை. அவசரத்தில் மூன்று முறை பிழையாக இட்டவுடன் வங்கிக் கணக்கு பூட்டிக்கொள்கிறது. பின்னர் கிளைக்குச் சென்று வரிசையில் நின்றே அதனைத் திறக்கவேண்டியிருக்கிறது.

இத்தொல்லை அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பற்றோ என்னும் அறிஞரின் தலைமையில் ஒரு கணினி முறை அமைக்கப்பட்டது. அக்காலக் கணினி ஓர் அறையை நிரப்பும் இயந்திரமாகும். பலர் அதனை ஒரே வேளையிற் பங்கிட்டுப் பயன்படுத்த இம்முறை வழிசெய்தது. பலர் பங்கிடும் பொருளில் ஒருவரின் கோவையை மற்றவர் பாராதிருக்க ஏதேனும் பூட்டு வேண்டுமன்றோ? அதற்காகவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வகுக்கப்பட்டது. கணினி உலகில் இப்பழக்கம் வேரூன்றியது அங்கேதான் என்பர்.

பூட்டுப் பிறந்த மறு ஆண்டே அது உடைபட்டது என்பதுதான் சுவையான செய்தி. தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாதென்று கண்ட அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவர், 1962இல் கடவுச்சொற்கள் அடங்கிய கோவையையே அச்சிட்டுத் தருமாறு கணினிக்குக் கட்டளையிட்டார். அதுவும் மறுக்காமல் அச்சிட்டுக் கொடுத்தது. 1966இல் வேறொரு விபத்து நேர்ந்தது. அன்றன்றைய அறிவித்தலைத் தாங்கிய கோவையும் கடவுச்சொற் கோவையும் இடம் மாறிவிட்டன. கணினியினுள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புரைக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன! கொர்பற்றோ 2019இற் காலமானார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர் ஒரு செய்தித்தாளுக்கு அளித்த பேட்டியில், கடவுச்சொற்கள் பெருந்தொல்லையாகிவிட்டன எனக் கூறியதோடு, தாமும் அவற்றைத் தாள்களிலே குறித்து வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டார். கொப்பியின் கடைசித் தாளில் எழுதிவைப்போர் இதைக் கேட்டு ஓரளவு ஆறுதலடையலாம்.

எழுதிவைப்பதைக் காட்டிலும் பெருந்தவறு ஒன்று உண்டு. ஒரே சொல்லை எல்லா இடங்களிலும் வழங்குவதே அது. ஒருவருடைய வீட்டுக்கும் கடைக்கும் இரும்புப் பெட்டிக்கும் ஒரே திறப்பு அமைந்திருந்தால், கடைப்பையன் அதைத் தொலைத்த அன்றே மூன்றும் போயின. இணையத்தில் நடப்பதும் இதுவே. எங்கோ ஒரு சிறு வியாபாரத் தளத்திற் களவுபோன பெயர்களையும் சொற்களையும் திருடர் ஒரு பட்டியலாக்கி, மின்னஞ்சல், வங்கி, முகநூல் என ஒவ்வொரு வாயிலிலும் இயந்திரத்தைக் கொண்டு இட்டுப் பார்க்கின்றனர். திருடுவதற்குத் தனித்திறமை எதுவும் வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டில் டிரொப்பொக்ஸ் என்னும் கோவைக் காப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வேறொரு தளத்திலே தாம் வைத்திருந்த சொல்லையே நிறுவன வேலைக்கும் பயன்படுத்தியிருந்தார். அந்த வேறு தளத்திலிருந்து சொல் களவுபோயிற்று; அதன்வழி திருடர் உள்ளே நுழைந்தனர். ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் வாடிக்கையாளரின் விபரங்கள் பறிபோயின என்பது 2016இலேதான் வெளிவந்தது. தொழினுட்பம் அறிந்த ஊழியருக்கே இக்கதியெனின் ஏனையோரைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு சொல் வேண்டும். ஒவ்வொன்றும் ஊகிக்கவியலாததாக இருக்கவும் வேண்டும். மனித நினைவு இவ்விரண்டையும் ஒருங்கே தாங்காது. இவ்விடத்திலேதான் ஆங்கிலத்தில் பாஸ்வேர்ட் மனேஜர் எனப்படும் கடவுச்சொற் பெட்டகம் துணைக்கு வருகின்றது.

பெட்டகம் என்பது ஒரு மென்பொருள். நூற்றுக்கணக்கான கணக்குகளின் பெயர்களையும் சொற்களையும் தன்னுள்ளே பூட்டி வைத்து, வேண்டிய வேளையில் உரிய இடத்தில் தானே நிரப்பித் தரும். புதிய சொற்களை இருபது எழுத்து நீளத்தில் உருவாக்கியும் கொடுக்கும். உரியவர் நினைவில் வைக்கவேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் தலைமைச்சொல் ஒன்றையே. அத்தலைமைச்சொல்லை மென்பொருள் அப்படியே பூட்டாகப் பயன்படுத்துவதில்லை. அதனைப் பல இலட்சந் தடவை மீட்டும் மீட்டும் கணித அரைப்பில் இட்டு, அதிலிருந்து ஒரு நீண்ட திறப்பைப் பிறப்பிக்கின்றது. அத்திறப்பினாலேயே உள்ளிருப்பவை மறையெழுத்தாக்கப்படுகின்றன. இந்த அரைப்பு உரியவருக்கு ஒரு கணப்பொழுது தாமதத்தையே உண்டாக்கும். கோடிக்கணக்கான சொற்களை இட்டுப் பார்க்கும் திருடனுக்கோ ஒவ்வொரு முயற்சியும் அத்தனை மடங்கு செலவுடையதாகிறது.

மறையெழுத்தாக்கம் உரியவரின் கருவியிலேயே நிகழ்வதால், நிறுவனத்தின் களஞ்சியத்திற்குச் செல்வது பூட்டிய பெட்டி மட்டுமே, திறப்பு செல்வதில்லை. பெட்டகம் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் ஒரே வடிவில் தோன்றுவதும் இப்பூட்டிய பெட்டி களஞ்சியத்தினூடாகப் போய்வருவதனாலேயே. தலைமைச்சொல்லை மறந்துவிட்டால் நிறுவனத்தாலும் அதை மீட்டுத்தர இயலாது என்பது இவ்வமைப்பின் மறுபக்கம்.

பெட்டகம் செய்யும் இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. அது தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தே சொல்லை நிரப்புகிறது. இலங்கையிலே தபாற்பொதி வந்திருப்பதாகவும் சிறு கட்டணம் செலுத்துமாறும் கூறும் போலிக் குறுஞ்செய்திகள் பலருக்கும் வந்துள்ளன. அத்தகைய செய்திகள் காட்டும் தளம் கண்ணுக்கு மெய்யான தளத்தைப் போலவே தோன்றும். மனிதக் கண் ஏமாறும், பெட்டகம் ஏமாறாது. முகவரி ஓரெழுத்து மாறியிருந்தாலும் அது வாய் திறவாது நிற்கும். வழக்கமாக நிரப்பித் தரும் பெட்டகம் ஓரிடத்தில் மௌனமாக நிற்குமாயின், அங்கே சொல்லைக் கையால் தட்டி இடுவதற்கு முன்னர் ஒருகணம் நின்று பார்த்தல் வேண்டும்.

இனி, எப்பெட்டகத்தைத் தெரிவது? விளம்பரங்களைப் படிப்பதற்கு முன்னர் வீட்டிலுள்ள கருவிகளை எண்ணிப் பார்ப்பதே முறை. கைத்தொலைபேசி, கணினி ஆகிய யாவும் அப்பிள் நிறுவனத்தினவாயின், அவற்றுடனேயே வரும் பெட்டகம் போதுமானது. 2024இலிருந்து அது பாஸ்வேர்ட்ஸ் என்னும் தனிச் செயலியாகவே தரப்படுகின்றது. விண்டோஸ் கணினியிலும் ஓரளவு அதனைப் பயன்படுத்தலாம். ஆனால் அன்ட்ரொயிட் தொலைபேசிக்கு அச்செயலி இல்லை. அன்ட்ரொயிட் தொலைபேசியும் குரோம் உலாவியும் உடையோருக்குக் கூகிளின் பெட்டகம் எளிது. அங்கே உள்ள இடர் யாதெனின், பெட்டகம் கூகிள் கணக்கோடு பிணைந்திருப்பதாகும். ஏதோவொரு காரணத்தால் அக்கணக்கு முடக்கப்பட்டால் மின்னஞ்சலும் படங்களும் போவதுடன் மற்றெல்லாக் கணக்குகளின் திறப்புக்களும் ஒருங்கே போய்விடும். எல்லா முட்டைகளையும் அடைகாக்கும் கோழியின் காலிலேயே கூடையையும் கட்டிவிட்டதை ஒக்கும் இது.

வீட்டிலே தந்தைக்கு அன்ட்ரொயிட், மகளுக்கு ஐபோன், மேசையில் விண்டோஸ் கணினி என்று கலந்திருப்பதே பெரும்பான்மை. இத்தகையோருக்குத் தனிநின்ற பெட்டகமே பொருத்தமானது. 2016இல் தொடங்கிய பிட்வார்டன், கட்டணமின்றியே எத்தனை கருவிகளிலும் இயங்குகின்றது. அதன் மூலநிரல் எவரும் படித்துச் சோதிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த புரோட்டன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட புரோட்டன் பாஸ் என்பதும் இவ்வாறே. கனடாவைச் சேர்ந்த வன்பாஸ்வேர்ட், கட்டணம் செலுத்துவோருக்கே உரியது. அது தலைமைச்சொல்லோடு இரகசியத் திறப்பு என்னும் ஒரு நீண்ட எழுத்துத் தொடரையும் சேர்த்தே பூட்டுகின்றது. ஆதலால் நிறுவனத்தின் களஞ்சியம் களவுபோனாலும் தலைமைச்சொல்லை மட்டும் ஊகித்துப் பயனில்லை. ஆயின் அத்தொடரைத் தாளில் அச்சிட்டுக் காப்பது உரியவரின் பொறுப்பு. எந்த நிறுவனத்தையும் நம்ப விரும்பாதவருக்குக் கீபாஸ் உண்டு. 2003 முதல் வழங்கும் இது ஒரு பூட்டிய கோவை மாத்திரமே. அக்கோவையைத் தொலைபேசிக்கும் கணினிக்கும் இடையே கொண்டு செல்வதும் பிரதி எடுப்பதும் உரியவரின் வேலை. ஈரிடங்களில் ஒரே நாளில் மாற்றஞ் செய்துவிட்டு, எது புதியது என்று திகைக்காதிருக்க ஒழுங்கு வேண்டும். ஒழுங்குடையோருக்கு இது மிக நல்லது. ஏனையோருக்கு இதனைப் பரிந்துரைப்பது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது.

எந்தப் பெட்டகமாயினும் தெரிவதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பின்னொரு நாள் இதைவிட்டு வெளியேற இயலுமா என்பதே அது. இது வீண் கேள்வியன்று. லாஸ்ட்பாஸ் என்னும் புகழ்பெற்ற பெட்டகத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தியோர், 2021 மார்ச்சில் கணினி அல்லது கைத்தொலைபேசி ஆகிய இரண்டில் ஒரு வகையை மாத்திரமே தெரிந்துகொள்ளுமாறு பணிக்கப்பட்டனர். இரண்டும் வேண்டின் கட்டணம். மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது ஓதென்டிக்கேற்றர் செயலியிலே சேமித்த கடவுச்சொற்களைப் பார்க்கும் வசதியை 2025 ஓகத்துடன் நிறுத்தியது. டிரொப்பொக்ஸ் தனது பெட்டகச் சேவையை அதே ஆண்டு ஒற்றோபரில் முற்றாக மூடியது. வாடகை வீட்டுக்காரருக்குக் காலி செய்யும் அறிவித்தல் வருவதைப் போலவே இவையும் வந்தன. அறிவித்தலைப் படியாதவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

லாஸ்ட்பாஸின் வரலாறு அத்துடன் முடியவில்லை. பெட்டகம் மாறுவதைப் பற்றி அறியவேண்டிய ஒரு நுட்பம் அதிலேதான் அடங்கியிருப்பதாற் சற்று விரிவாக நோக்குதல் தகும். 2022 ஓகத்தில் அந்நிறுவனத்துள் திருடர் நுழைந்தனர். நிறுவனத்தின் மூலநிரலின் ஒரு பகுதி பறிபோயிற்று. அங்கே பெற்ற தகவலைக் கொண்டு, களஞ்சியத்தின் திறப்புக்களை அணுகவல்ல மூத்த பொறியியலாளர் ஒருவரை அவர்கள் குறிவைத்தனர். அவருடைய வீட்டுக் கணினியிலே, படம் பார்ப்பதற்கான ஒரு மென்பொருளின் ஓட்டை வழியாக, தட்டும் எழுத்துக்களை ஒற்றுப் பார்க்கும் நிரலொன்று புகுத்தப்பட்டது. அதன்வழி வாடிக்கையாளரின் பெட்டகங்களின் காப்புப் பிரதிகள் கையாடப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி நிறுவனம் இதனை வெளியிட்டது. கடவுச்சொற்கள் மறையெழுத்தில் இருந்தன. ஆனால் அச்சொற்கள் எந்தெந்தத் தளங்களுக்கு உரியவை என்னும் முகவரிகள் மறைக்கப்படாமல் வெறுமனே கிடந்தன. யாருடைய பெட்டியில் வங்கித் திறப்பு உள்ளது என்பதைப் பெட்டியைத் திறவாமலே திருடன் அறியலாயிற்று.

மேலும், முன்னர் கூறிய கணித அரைப்பு எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. 2018 முதல் 1,00,100 தடவை என்பது வழக்கமாயிருந்தும், பழைய கணக்குகள் சில 5,000 தடவையிலும் அதற்குக் குறைவிலும் அப்படியே விடப்பட்டிருந்தன. 2023இல் இவ்வளவு 6,00,000 ஆக உயர்த்தப்பட்டது. இச்செய்தி பரவியதும் பலர் அவசரமாகத் தலைமைச்சொல்லை மாற்றினர். பலர் வேறு பெட்டகத்துக்குக் குடிபெயர்ந்தனர். இரண்டுமே நல்லவைதாம். ஆயினும் களவுபோன பிரதியை அவை எவ்வாற்றானும் பாதிக்கமாட்டா. அப்பிரதி பழைய தலைமைச்சொல்லால் பூட்டப்பட்டது. பழைய சொல்லை ஊகித்தவன் அதை இன்றும் திறப்பான். உள்ளேயிருந்த சொற்கள் இன்னும் வழக்கிலிருந்தால் அவை அவனுக்குப் பயன்படும். ஆகவே உள்ளேயிருக்கும் சொற்களை, அதாவது மின்னஞ்சல், வங்கி முதலியவற்றின் சொற்களை, அந்தந்தத் தளத்திலே சென்று மாற்றியவரே மெய்யாகத் தப்பியவர். வீடு மாறிவிட்டு, களவுபோன திறப்பின் பூட்டையும் கூடவே கொண்டு செல்வதில் என்ன பயன்?

மாறும் முறை பின்வருமாறு. முதலிற் புதிய பெட்டகத்தைக் கணினியிலே அமைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியின் சிறு திரையிற் பிழைகள் கண்ணுக்குத் தப்பும். தலைமைச்சொல் நீளமானதாயும் தற்செயலாகத் தெரியப்பட்டதாயும் இருத்தல் நன்று. இதற்கு 1995இல் ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் வகுத்த பகடை முறை இன்றும் மிகச் சிறந்தது. ஐந்து முறை பகடை உருட்டினால் வரும் எண்ணுக்குரிய சொல்லை 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வர். இவ்வாறு ஆறு சொற்களை எடுத்தால், அமையக்கூடிய தொடர்களின் தொகை இருபத்துநான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாகும். தொடர் பொருளற்றதாயிருக்கும், ஆயினும் நாலைந்து நாளில் நாவிற் படிந்துவிடும். திருக்குறளின் முதலடியையோ, பழமொழியையோ, கோயிற் பெயருடன் பிறந்த ஆண்டையோ தலைமைச்சொல்லாக்குவது தவறு. உரியவருக்கு எளிதாக நினைவுக்கு வருவது ஊகிப்பவருக்கும் எளிதாக நினைவுக்கு வரும்.

தமிழெழுத்தில் தலைமைச்சொல் அமைத்தாலென்ன என்று ஆர்வமுடையோர் கேட்கலாம். விருப்பம் போற்றத்தக்கதே, ஆயினும் ஒரு தடை உண்டு. கொம்பும் அரவும் இருபுறமும் பெறும் கொ, கோ போன்ற எழுத்துக்களைக் கணினி இரு விதமாகக் குறிக்க இயலும். ஒரு விசைப்பலகை கொம்பையும் அரவையும் ஒரே குறியாக அனுப்பும். மற்றொன்று இரண்டாகப் பிரித்து அனுப்பக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பூட்டுக்கோ இரண்டும் வெவ்வேறு. வீட்டுக் கணினியில் அமைத்த சொல் தொலைபேசியிலே திறக்காது போகலாம். ஆகவே தமிழ்ச் சொற்களையே தெரிந்து ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வது தக்க வழி.

அடுத்து, பழைய பெட்டகத்திலிருந்து சொற்களை வெளியே எடுத்தல். பெரும்பாலான பெட்டகங்கள் சிஎஸ்வி என்னும் வடிவில் ஒரு கோவையைத் தரும். இக்கோவைக்குப் பூட்டில்லை. உள்ளிருந்த எல்லாச் சொற்களும் வெறும் எழுத்தாய்த் திறந்து கிடக்கும். குடும்பத்தின் நகைகள் யாவும் பழைய அலுமாரியிலிருந்து புதியதற்குப் போகும் வழியில் முற்றத்துப் பாயிலே பரப்பப்பட்டிருக்கும் நேரம் இது எனலாம். அந்நேரத்தைச் சுருக்குவதே அறிவுடைமை. இவ்வேலையைச் சொந்தக் கணினியிலன்றி, இணையக் கடையிலோ கந்தோர்க் கணினியிலோ செய்யலாகாது. கோவையைத் தனக்குத்தானே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பவும் ஆகாது. சில கணினிகளில் மேசைத்திரைக் கோவைகள் தாமாகவே இணையக் களஞ்சியத்துக்குப் பிரதியாகும்; அதனை முன்னரே நிறுத்திவைத்தல் வேண்டும். புதிய பெட்டகத்துள் ஏற்றியவுடன் கோவையை அழித்து, குப்பைக் கூடையையும் வெறுமையாக்குதல் வேண்டும். 2025இல் வெளிவந்த ஐஓஎஸ் 26இல் ஒரு பெட்டகச் செயலியிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாகவே மாற்றும் வசதி அமைந்துள்ளது. இதற்கு இசைந்த பெட்டகங்களை உடையோர் பூட்டில்லாக் கோவையைத் தொடவே வேண்டியதில்லை.

ஏற்றியபின் எண்ணிப் பார்க்கவேண்டும். பழையதில் 140 இருந்தால் புதியதிலும் 140 உண்டா? சிஎஸ்வி கோவையிலே இணைப்பாக வைத்த படங்களும் ஆவணங்களும் வாரா. கடவுச்சீட்டின் படத்தைப் பெட்டகத்தில் வைத்திருந்தவர் அதனைத் தனியே எடுத்துக்கொள்ளல் வேண்டும். பாஸ்கீ எனப்படும் புதுவகைத் திறப்புக்களும் இக்கோவை வழியாக வருவதில்லை. இவை கடவுச்சொல்லுக்குப் பதிலாகவே வழங்குவன. தட்டி இடுவதற்குச் சொல்லே இல்லாமையால் களவு கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை. அப்பிள், கூகிள், மைக்ரோசொப்ட் ஆகிய மூன்றும் 2022இல் இவற்றை விரிவாக ஆதரிப்பதாக அறிவித்தன. இவற்றை நேரடியாக மாற்ற இயலாதவிடத்து, அந்தந்தத் தளத்திலே சென்று புதிதாக அமைத்துக்கொள்ள நேரும். எண்ணிக்கை ஒத்திருப்பினும், முக்கியமான ஐந்தாறு கணக்குகளைப் புதிய பெட்டகத்தின் சொல்லால் திறந்து பார்த்த பின்னரே பழையதைப் பற்றிச் சிந்திக்கலாம்.

கைத்தொலைபேசியில் செயலியை நிறுவினால் மட்டும் போதாது. தொலைபேசியின் அமைப்புப் பகுதியில், தானாக நிரப்பும் சேவையாகப் புதியதையே தெரிந்து, பழையதையும் உலாவியின் சேமிப்பையும் நிறுத்திவிடுதல் அவசியம். இதைச் செய்யாதோர் வீட்டில் இரு பெட்டகங்கள் ஒன்றையொன்று அறியாமற் சொற்களைச் சேமித்துக்கொண்டிருக்கும். மாற்றிய சொல் ஒன்றில், பழைய சொல் மற்றொன்றில். மாறுவோர் இளைத்துப்போய்ப் பழையபடி கொப்பிக்கே திரும்புவதற்கு இதுவே பெருங்காரணம்.

யாவற்றிலும் கொடிய பொறி ஒன்றுண்டு. அது உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளும் பொறி. ஒருவர் தமது மின்னஞ்சலின் சொல்லைப் பெட்டகத்திலே வைத்துள்ளார். நினைவிலோ தாளிலோ அது இல்லை. பஸ்ஸிலே தொலைபேசி தொலைந்துபோகிறது. புதிய தொலைபேசியில் பெட்டகத்தைத் திறக்க முயல்கிறார். தலைமைச்சொல் சரியே, ஆயினும் புதுக் கருவியாதலால், மின்னஞ்சலுக்கு அனுப்பிய இலக்கத்தை இடுமாறு பெட்டகம் கேட்கிறது. மின்னஞ்சலைத் திறக்கும் சொல்லோ பெட்டகத்துள் இருக்கிறது. திறப்பு வீட்டுக்குள்ளே, வீடு பூட்டப்பட்டது! பிட்வார்டன் 2025 முதல், ஈரடுக்குப் பாதுகாப்பு அமைக்காதோருக்கு இத்தகைய மின்னஞ்சற் சோதனையைப் புதுக் கருவிகளில் நடைமுறைப்படுத்தியுள்ளது. இது திருடனைத் தடுக்கும் நல்லேற்பாடே. ஆனால் முன்னேற்பாடில்லாத உரியவரையும் அது தடுக்கும். வெளிநாடு செல்வோருக்கு இதே பொறி வேறு வடிவில் வரும். இலங்கைத் தொலைபேசி எண்ணுக்கு வரும் இலக்கம், அந்தச் சிம் அட்டை யாழ்ப்பாணத்து வீட்டு மேசையிற் கிடக்கையில், ரொறன்ரோவில் நிற்பவருக்கு எவ்வாறு பயன்படும்?

இதற்கு மருந்து தாளே. ஈரடுக்குப் பாதுகாப்பை அமைக்கும்போது பெட்டகம் ஒரு மீட்புக் குறியீட்டைத் தரும். அக்குறியீட்டையும், தலைமைச்சொல்லையும், மின்னஞ்சலின் சொல்லையும் தெளிவான எழுத்தில் எழுதி, உறையிலிட்டு, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் இடத்தில் வைத்தல் வேண்டும். இன்னொரு பிரதி நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருப்பின் நன்று. தீயும் வெள்ளமும் ஒரு வீட்டையே நாடும். இரு வீடுகளை ஒருங்கே நாடுவது அரிது. உலகின் மறுகோடியிலிருந்து வரும் இணையத் திருடன் அலுமாரி லாச்சியைத் திறக்கமாட்டான் என்பதையும் மறத்தலாகாது. இதே காரணத்தால், கைத்தொலைபேசியோடு பழக்கமில்லாத முதியவர் ஒருவர், ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு சொல்லைக் கொப்பியில் எழுதி அலுமாரியிற் பூட்டி வைப்பாராயின், அவரை ஏளனஞ் செய்யவேண்டியதில்லை. ஒரே சொல்லை எங்கும் வழங்கும் பட்டதாரியை விட அவர் பாதுகாப்பானவர்.

அவ்வுறைக்கு இன்னொரு பயனுமுண்டு. பேசத் தயங்கும் விடயமாயினும் கூறுதல் அவசியம். குடும்பத் தலைவர் திடீரென மறைந்தால், மின்சாரக் கணக்கு முதல் வங்கி நிலுவை வரை யாவும் அவருடைய பெட்டகத்துள் அடைபட்டுக் கிடக்கும். சில பெட்டகங்கள் இதற்கெனவே ஓர் ஏற்பாடு செய்துள்ளன. பிட்வார்டனின் கட்டணச் சேவையில், முன்கூட்டியே பெயர் குறிக்கப்பட்டவர் அனுமதி கோரலாம். குறித்த நாட்களுக்குள் உரியவர் மறுக்காவிடிற் பெட்டகம் அவருக்குத் திறக்கும். அப்பிள் நிறுவனமும் மரணத்தின் பின் கணக்கைப் பெறுவோரைக் குறிக்க இடந்தருகிறது; ஆனால் படங்களும் கடிதங்களும் போன்றவையே அவருக்குக் கிடைக்கும், சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்கமாட்டா. இதனை அறியாது அவ்வேற்பாட்டை நம்பியிருப்போர் பலர்.

குடிபெயர்ந்த பின்னர்ச் செய்யவேண்டிய துப்புரவு வேலையை ஒரே இரவில் முடிக்க முயல்வது வீண். முதல் நாள் மின்னஞ்சலின் சொல்லை மாற்றினாற் போதும். ஏனைய கணக்குகளின் சொற்களைப் புதுப்பிக்கும் வழிகள் யாவும் அதனூடாகவே செல்வதால் அதற்கே முதலிடம். அடுத்து வங்கி, அதன்பின் தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் கணக்கு. ஏனையவற்றை அவ்வத்தளத்துக்குப் போகும் வேளைகளில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை நல்ல சொல் அமைத்தபின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்னும் பழைய கட்டளையும் இன்று இல்லை. அமெரிக்கத் தேசிய நியம நிறுவனம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையிலே, களவுபோனதற்குச் சான்று இருந்தாலன்றிச் சொல்லைக் காலந்தோறும் மாற்றுமாறு வற்புறுத்தலாகாது என்று கூறியது. அவ்வாறு வற்புறுத்தினால் மக்கள் கடைசியிலுள்ள 1ஐ 2ஆக மாற்றுவதோடு நின்றுவிடுவர் என்பது கந்தோரிலே பணிபுரிந்த எவருக்கும் தெரிந்ததே.

பழைய பெட்டகத்தை ஒரு மாத காலம் அப்படியே விட்டுவைத்தல் நன்று. மறந்துபோன கணக்கு ஏதேனும் இருப்பின் அதற்குள் தலைகாட்டும். மாதம் முடிந்ததும் செயலியை நீக்கினால் மட்டும் போதாது. நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று கணக்கையே அழித்து, ஆண்டுக் கட்டணம் தானாக அறவிடப்படாதவாறும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். இவையெல்லாம் நிறைவேறிய பின், கொப்பியின் கடைசித் தாளிலுள்ள பழைய வரிகளைக் கிழித்தெறியலாம். அவற்றுக்குரிய சொற்கள் மாற்றப்பட்டுவிட்டனவாதலின் எவர் கையிற் கிடைத்தாலும் கவலையில்லை. அலுமாரியிலுள்ள உறையில் மட்டும் மூன்று வரிகள் எஞ்சியிருக்கும். அவற்றைக் குடும்பத்தில் இன்னொருவர் வாசித்து, எழுத்துப் புரிகின்றதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.